சிகாகோவின் ஆடுகளங்கள்



சிகாகோ என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவது, 1893-ஆம் ஆண்டில் அந்நகரில் கூடிய சர்வ சமயப் பேரவையும் அதில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய சொற்பொழிவுமே. அந்தப் பேரவை தனியே கூட்டப்பட்டதன்று. அவ்வாண்டு அங்கே நடைபெற்ற உலகப் பொருட்காட்சியை ஒட்டியே அது கூடியது. பேரவை கூடியது நகரின் நடுப்பகுதியில். பொருட்காட்சியின் கேளிக்கைப் பகுதியோ தெற்கே, மிட்வே என்னும் நீண்டு அகன்ற புல்வெளியில் அமைந்திருந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் இன்று சுழல்கின்ற பெரிய இராட்டினம் இருக்கிறதே, அதன் மூதாதையான பெரிஸ் இராட்டினம் முதன்முதல் சுழன்றது அங்கேதான்.

அந்த மிட்வேயை ஒட்டினாற்போல் ஒரு பல்கலைக்கழகம் எழும்பிக்கொண்டிருந்தது. முந்திய ஆண்டாகிய 1892-இல்தான் அது வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. பொருள் கொடுத்தவர் எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வரான ஜான் ராக்பெல்லர். உருக்கொடுத்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்னும் எபிரேய மொழி அறிஞர். நாம் துணைவேந்தர் என்று சொல்லும் பொறுப்பை அங்கே தலைவர் என்பார்கள். ஹார்ப்பர் அதன் முதல் தலைவர்.

இன்று நான் பேச வந்தது தத்துவத்தைப் பற்றியும் அன்று, பொருட்காட்சியைப் பற்றியும் அன்று, பந்தாட்டத்தைப் பற்றி. தலைமையாசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு அமெரிக்கப் பந்தாட்டத்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பாடவேளை அட்டவணை வகுக்க உட்காரும்போது, விளையாட்டுக்கு எத்தனை மணி, கணக்குக்கு எத்தனை மணி என்ற வழக்கு என் மேசைமேல் வந்து நிற்கும். அந்த வழக்கில் சிகாகோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஐம்பதாண்டுகளுக்குள் நேர்மாறான இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. இரண்டின் விளைவுகளும் நம் கண்முன்னே இருக்கின்றன.

முதல் தீர்ப்பு ஹார்ப்பருடையது. புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் நாடெங்கும் பரவவேண்டும். நகரத்து வணிகர்கள் அதைத் தம்முடையது என்று எண்ணவேண்டும். அதற்குப் பேராசிரியர்களின் ஆராய்ச்சி மட்டும் போதாது என்று அவர் கண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் பயின்ற ஆமோஸ் அலான்சோ ஸ்டாக் என்ற இளைஞரை வரவழைத்தார். ஸ்டாக் சமய போதகராகவேண்டும் என்று படிக்கப் புகுந்தவர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுவதில் வல்லவர். தொழில்முறைக் குழுவினர் பொருள் தருவதாகச் சொல்லி அழைத்தபோது மறுத்தவர். அவருக்கு ஹார்ப்பர் கொடுத்தது வெறும் பயிற்சியாளர் வேலையன்று; துணைப் பேராசிரியர் பதவி, நிலையான நியமனம். மற்ற துறைகளைப்போல் உடற்பயிற்சிக்கும் ஒரு துறை. அதற்கு ஸ்டாக் தலைவர். நம் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் இன்றும் ஆசிரியர் அறையில் கடைசி நாற்காலியில்தான் உட்காருகிறார். 1892-இல் ஓர் அறிஞர் இப்படிச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லிவிடவேண்டும். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அங்கே வேறு பெயரில் வழங்குகிறது. அவர்கள் கால்பந்து என்பது, இரு முனைகளும் கூம்பிய பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி எதிரியின் எல்லைக் கோட்டைக் கடக்க முயலும் ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்தலாம். சடுகுடு ஆடியவர்களுக்கு இதன் சுவை உடனே விளங்கும். பாடிப் போனவனைப் பலர் சேர்ந்து மடக்குவதும், அவன் கோட்டைத் தொட நெளிவதும் இங்கும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஆட்டம் கொடூரமாக இருந்தது. 1905-ஆம் ஆண்டில் மட்டும் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர்கள் ஆடுகளத்தில் பட்ட காயத்தால் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசவேண்டியதாயிற்று. மறு ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிந்து கொடுப்பதற்கு இடம் வந்தது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் பிறந்ததும் அந்தக் கலக்கத்திலிருந்துதான்.

அதே 1905-ஆம் ஆண்டில் ஸ்டாக்கின் குழு தன் பெரும் வெற்றியைப் பெற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஐம்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வி காணாமல் வந்தது. நவம்பர் இறுதியில், நன்றியறிதல் நாளன்று, சிகாகோ அதை 2-0 என்று வென்றது. இரண்டே புள்ளிகள்! நகரம் கொண்டாடித் தீர்த்தது. ஸ்டாக் நாற்பத்தோரு பருவங்கள் அங்கே பயிற்சி கொடுத்தார். மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில், பிற்காலத்தில் பெரிய பத்து என்று பெயர்பெற்றதில், ஏழு முறை முதலிடம் பெற்றுத் தந்தார். ஆடுகளத்துக்கு 1913-இல் அவர் பெயரையே வைத்தார்கள். அவருடைய ஆட்டக்காரர்களை மிட்வேயின் பூதங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இந்தப் பட்டப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் இது கைமாறப் போகிறது.

பொருள் வாங்காமல் ஆடுவதே ஆட்டம் என்பது ஸ்டாக்கின் உறுதியான கொள்கை. ஆனால் கூட்டம் கூடும் இடத்தில் சீட்டு விற்கப்படும். சீட்டு விற்கும் இடத்தில் பணம் சேரும். கல்லூரி மாணவன் கூலியின்றி ஆட, கல்லூரி அதனால் பொருள் சேர்ப்பது எவ்வளவு காலம் நடக்கும்?

விடை கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹாலஸ். சிகாகோவில் பிறந்தவர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். டெக்கட்டர் என்ற ஊரில் இருந்த ஸ்டேலி மாவு ஆலை தன் தொழிலாளர்க்கென ஒரு பந்தாட்டக் குழு வைத்திருந்தது; அதை நடத்த 1920-இல் அவரை வேலைக்கு அமர்த்தினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு மோட்டார் வண்டிக் கடையில் கூடிய கூட்டத்துக்கு ஹாலஸும் போயிருந்தார். உட்கார நாற்காலி போதாமல் சிலர் வண்டிகளின் பக்கப்படிகளில் அமர்ந்தார்களாம். இன்று உலகின் மிகப் பணக்கார விளையாட்டு அமைப்புகளில் ஒன்றான தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தக் கடையில்தான் பிறந்தது. மறு ஆண்டு மாவு ஆலை கைவிட, ஹாலஸ் குழுவைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். பேஸ்பால் ஆடும் கப்ஸ் குழுவின் திடலை ஆட்டத்துக்கு அமர்த்திக்கொண்டார். கப்ஸ் என்றால் கரடிக்குட்டிகள். பேஸ்பால்காரர் குட்டிகளானால் கால்பந்துக்காரர் முழுக் கரடிகள் அல்லவா? 1922-இல் குழுவுக்குக் கரடிகள் என்று பொருள்படும் பேர்ஸ் என்ற பெயரையே சூட்டிவிட்டார்.

அந்நாளில் தொழில்முறைக் கால்பந்துக்கு மதிப்பு இல்லை. பொருளுக்கு ஆடுபவனைக் கூத்தாடிக்குச் சமமாக எண்ணினர். 1923-இல் ஸ்டாக், ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் அந்த ஆட்டம் கல்லூரி விளையாட்டுக்கே கேடு என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்.

இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு கிரேஞ்சு என்ற மாணவர் இருந்தார். செந்நிற முடி காரணமாக ரெட் கிரேஞ்சு என்று அழைத்தார்கள். கோடை விடுமுறையில் தம் ஊராகிய வீட்டனில் வீடுவீடாகப் பனிக்கட்டி சுமந்து விற்றுத் தம் செலவைப் பார்த்துக்கொண்டவர். பந்தைக் கையில் வாங்கினால் அவரைப் பிடிப்பார் இல்லை. 1925 நவம்பர் 21-ஆம் நாள் தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடினார். அதன்பின் பேர்ஸ் குழுவில் கையெழுத்திட்டார். நவம்பர் 26-இல், இன்று ரிக்லி திடல் எனப்படும் கப்ஸ் திடலில், பொருளுக்கு ஆடினார்! வகுப்பை முடிக்கவில்லை; பட்டம் வாங்கவில்லை. ஏறத்தாழ முப்பத்தாறாயிரம் பேர் திரண்டனர். அந்த ஆட்டத்தில் இரு பக்கமும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பது வேறு செய்தி. தொடர்ந்து நாடு முழுவதும் சுற்றுப்பயணம். கல்லூரிப் பயிற்சியாளர்கள் கொதித்தனர். இறுதியில், ஒரு மாணவனோடு சேர்ந்தவர்கள் பட்டம் பெறும்வரை அவனைத் தொழில்முறைக் குழு தொடக்கூடாது என்று விதி செய்தார்கள்.

என் மாணவர்களிடம் கிரேஞ்சின் கதையைச் சொல்லி, அவர் செய்தது சரியா என்று கேட்டதுண்டு. நகரத்துப் பிள்ளைகள் தவறு என்பார்கள். கோடை விடுமுறையில் செங்கல் சூளைக்குப் போய் வரும் பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தை நான் மதித்தேன்.

இனி இரண்டாவது தீர்ப்பு. 1929-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் வந்தார். வயது முப்பது. பழைய பெருநூல்களைப் படிப்பதே கல்வி என்று வற்புறுத்தியவர். நம்மவரான சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, விண்மீன்களின் இயல்பை ஆராய்ந்து, 1937-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் நிறத்தைக் காரணம் காட்டி வகுப்பெடுக்கக் கூடாது என்று தடை எழுந்தபோது, அதைத் தள்ளி அவர் கட்டாயம் பாடம் நடத்தட்டும் என்றவர் இந்த ஹட்சின்ஸ்தான். சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹட்சின்ஸின் தீர்ப்பில் எனக்கு ஐயம் உண்டு என்பதைப் பின்னால் சொல்லப் போகிறேன். அதனால்தான் அவர் எத்தகைய மனிதர் என்பதை முன்னதாகவே சொல்லி வைக்கிறேன்.

ஸ்டாக்குக்கு எழுபது வயதானது. விதிப்படி 1932-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவரை ஓய்வுபெறச் செய்தார்கள். அவர் ஓயவில்லை; கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய் 1946 வரை பயிற்சி கொடுத்தார். நூற்றிரண்டு வயது வாழ்ந்து 1965-இல் மறைந்தார். ஐம்பத்தெட்டில் ஓய்வுபெற்று, காலையில் நடக்கவே சோம்பும் என்போன்றோர் இதைக் கேட்டு வெட்கப்படவேண்டும்.

சிகாகோவின் குழுவுக்குக் கடைசி ஒளியாக ஜே பெர்வாங்கர் என்ற மாணவர் வந்தார். 1934-இல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவரை மடக்கப் பாய்ந்த ஒருவருக்கு, பெர்வாங்கரின் குதிகால் பட்டு இடக் கண்ணின்கீழ்க் காயம் உண்டாயிற்று. தழும்பு நெடுநாள் மாறவில்லை. அந்தத் தழும்புக்காரர் ஜெரால்டு போர்டு. 1974-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர். 1935-இல் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்கான கோப்பையை நியூயார்க்கு நகர விளையாட்டு மன்றம் ஒன்று முதன்முதலாக ஏற்படுத்தியது; ஹைஸ்மன் கோப்பை என்று இன்று புகழ்பெற்றிருப்பது. அதன் முதல் பேறு பெர்வாங்கருக்கே கிடைத்தது. 1936-இல் தொழில்முறைக் குழுக்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் வழக்கம் தொடங்கியபோது, முதன்முதல் தெரிவு செய்யப்பட்ட பெயரும் அவருடையதே. அவரைப் பெறும் உரிமை ஹாலஸிடம் வந்து சேர்ந்தது. பெர்வாங்கர் கேட்ட தொகையை ஹாலஸ் தர இசையவில்லை. பெர்வாங்கர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கியதில்லை.

அவர் போனபின் குழு சரிந்தது. மற்றப் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்க்கு எளிய பாடங்களும் மறைமுக உதவிகளும் கொடுத்தன; சிகாகோ கொடுக்கவில்லை. 1938-இல், முதியவர் ஸ்டாக் தம் பசிபிக் கல்லூரிக் குழுவுடன் ஸ்டாக் திடலுக்கே வந்து, தம் பழைய பல்கலைக்கழகத்தை 32-0 என்று வென்று போனார். 1939-இல் நேர்ந்தவற்றைக் கேளுங்கள். மிச்சிகனிடம் 85-0. ஒகையோவிடம் 61-0. ஹார்வர்டிடமும் 61-0. அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள், பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினர் கால்பந்தை ஒழித்துவிடத் தீர்மானித்தனர்.

அதற்கு ஓராண்டு முன்னரே ஹட்சின்ஸ் ஒரு வார இதழில் தம் கருத்தை விளக்கி எழுதியிருந்தார். வாயிற்சீட்டுப் பணமே நோயின் வேர் என்பது அவர் வாதம். சீட்டின் விலையைப் பத்து சென்டாகக் குறையுங்கள். பயிற்சியாளர்க்குப் பேராசிரியரைப்போல் நிலையான பதவி கொடுங்கள். அப்போது தோற்றால் வேலை போகும் என்ற அச்சம் இராது. எல்லா மாணவரும் ஆடட்டும் என்றார். பயிற்சியாளர்க்கு நிலையான பதவி! நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஹார்ப்பர் ஸ்டாக்குக்குக் கொடுத்தது அதுவே அல்லவா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் ஹட்சின்ஸின் நூலொன்றை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். இளமையில் நமக்குத் தெளிவாகப் பேசுபவர்மேல் பற்று உண்டாகிறது. பிற்காலத்தில் நான் தலைமையாசிரியரான முதல் ஆண்டு, பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் இருந்த இரண்டு விளையாட்டுப் பாடவேளைகளையும் நீக்கிக் கணக்குக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று கொடுத்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் என் அறைக்கு வந்தார். “ஐயா, அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்” என்றார். பத்தாம் வகுப்பு முடியட்டும், பிறகு வாழ்நாளெல்லாம் ஆடலாம் என்று விடை சொல்லி அனுப்பினேன். அவ்வாண்டு தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது. சடுகுடுக் குழுவில் இருந்த மூன்று பையன்கள் மட்டும் தேர்வுக்கு முன்னரே படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் திருப்பூருக்குப் பனியன் ஆலை வேலைக்குப் போனான். தேர்வு எழுதாதவன் தேர்ச்சி விழுக்காட்டின் கணக்கில் வருவதில்லை. ஆகவே என் பாராட்டுக் கடிதத்தில் அந்த மூவரும் இல்லை. மறு ஆண்டு பாடவேளைகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் திரும்பி வரவில்லை.

சிகாகோவில் வெறிச்சோடிய ஸ்டாக் திடலுக்கு வருவோம். பார்வையாளர் மேடைகள் அப்படியே நின்றன. மேற்கு மேடையின் அடியில், சுவரில் பந்தடித்து ஆடும் உள்ளரங்கம் ஒன்று இருந்தது. அங்கே இத்தாலிய அறிஞர் என்ரிகோ பெர்மியும் துணைவர்களும் கரிக்கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக அடுக்கினார்கள். 1942 டிசம்பர் 2-ஆம் நாள் பிற்பகல், மனிதன் முதன்முறையாக அணுவைத் தொடர்வினையில் ஈடுபடுத்தி, அதை அடக்கியும் காட்டினான். அணுகுண்டுக்கும் அணுமின் நிலையத்துக்கும் பொதுவான தொடக்கம் ஒரு பந்தாட்டத் திடலின் படிக்கட்டுகளுக்கு அடியில் நிகழ்ந்தது. விளையாட்டை நீக்கினால் அறிவு வளரும் என்பார்க்கு இது சான்று என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அந்த அறிவு மூன்றே ஆண்டில் ஹிரோஷிமாவில் என்ன செய்தது என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, கால்பந்து எங்கே போயிற்று? ஸ்டாக்குக்குப்பின் சிகாகோவில் பயிற்சி கொடுத்தவர் கிளார்க் ஷாக்னசி. 85-0 என்று தோற்ற குழுவின் பயிற்சியாளர் அவரே. ஆனால் அவர் நுண்ணறிவாளர். ஆட்டக்காரர்களை ‘டி’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் நிறுத்தும் பழைய அணிவகுப்பைச் செப்பனிட்டுப் புதிதாக்குவதில் ஹாலஸுக்குத் துணைபுரிந்து வந்தார். வேலை போனபின் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1940-இல் அவர் குழு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதே 1940 டிசம்பர் 8-ஆம் நாள், சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில், ஹாலஸின் பேர்ஸ் குழு வாஷிங்டன் குழுவை 73-0 என்று வென்றது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே வாஷிங்டனிடம் 7-3 என்று தோற்றிருந்தது. சிகாகோவில் இப்போது கல்லூரிக் குழு இல்லை. பொருளுக்கு ஆடும் குழு இருந்தது. மிட்வேயின் பூதங்கள் என்ற பட்டப்பெயரைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துப் பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேர்ஸுக்கும் மிட்வேக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கல்லூரியின் பெயர், கல்லூரிப் பயிற்சியாளரின் உத்தி, கல்லூரி ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கூட்டம், எல்லாமே ஒரே ஆண்டில் ஹாலஸின் கைக்கு வந்தன. ஹட்சின்ஸ் ஒழித்தது வாயிற்சீட்டு வாணிகத்தை அன்று. அது தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போயிற்று.

நகரத்தின் ஆசை மட்டும் குறைந்ததில்லை. 1937-இல் ஏரிக்கரையில் உள்ள சோல்ஜர் பீல்டு திடலில், லியோ, ஆஸ்டின் என்ற இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் ஆடிய ஆட்டத்தைக் காண ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பள்ளி மாணவரே, இதைக் கேட்டு உங்களுக்கு ஏக்கம் உண்டாகலாம்.

பேஸ்பாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1919-இல் வைட் சாக்ஸ் குழுவைச் சேர்ந்த எண்மர், சூதாடிகளோடு சேர்ந்து உலகத் தொடரில் வேண்டுமென்றே தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். 1921-இல் நீதிமன்றம் விடுவித்தது. பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் விடுவிக்கவில்லை, ஆயுள் முழுதும் தடை விதித்தார். கறுப்பின ஆட்டக்காரர்க்குப் பெருங்குழுக்களில் இடமே இல்லாத அக்காலத்தில், சிகாகோவைச் சேர்ந்த ரூப் பாஸ்டர் 1920-இல் அவர்களுக்கெனத் தனிக் கூட்டமைப்பை நிறுவினார். வடபகுதியின் கப்ஸ் குழு 1908-இல் வென்றபின் 2016-இல்தான் மறுபடி உலகத் தொடரை வென்றது. நூற்றெட்டு ஆண்டுகள் தோல்வியைத் தாத்தா பேரனுக்குச் சீதனமாகக் கொடுத்துவந்த குழு அது.

கல்லூரி ஆட்டம் முற்றும் வாணிகமாய்ப் போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். சிகாகோவின் வடபகுதியில் உள்ள லயோலா பல்கலைக்கழகக் கூடைப்பந்துக் குழுவில், தொடக்கத்தில் இறங்கும் ஐவருள் நால்வர் கறுப்பினத்தார். தேசியப் போட்டியில் அதற்கு எதிராக வந்தது மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம். கறுப்பினத்தார் ஆடும் குழுவோடு ஆடுவதில்லை என்பது மிசிசிப்பியின் எழுதாத சட்டம். குழு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று நீதிமன்றத் தடையும் பிறந்தது. தடையாணை கைக்கு வந்து சேருமுன் பயிற்சியாளர் மாநிலத்தை விட்டு வெளியேறிவிட்டார். மாணவர்களும் மறைவாகப் புறப்பட்டு விமானம் ஏறினர். ஆட விரும்பியது அந்த வெள்ளை மாணவர்களே என்பதைக் கவனியுங்கள். மார்ச்சு 15-ஆம் நாள், ஆட்டம் தொடங்குமுன் லயோலாவின் தலைவர் ஜெரி ஹார்க்னஸும் மிசிசிப்பியின் தலைவர் ஜோ டான் கோல்டும் நடுவில் வந்து கைகுலுக்கினார்கள். படம்பிடிப்போரின் விளக்குகள் ஒருசேரப் பளிச்சிட்டன. அப்போதுதான் இது வெறும் ஆட்டம் அன்று என்று தமக்கு உறைத்ததாக ஹார்க்னஸ் பின்னாளில் சொன்னார். லயோலா 61-51 என்று வென்றது. எட்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில், பதினைந்து புள்ளிகள் பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் சின்சினாட்டியை 60-58 என்று வென்று பட்டம் பெற்றது. 2011-இல் கோல்டு காலமானபோது ஹார்க்னஸ் இறுதிச் சடங்குக்குப் போனார். அங்கே அந்தக் கைகுலுக்கும் படத்தை வைத்திருந்தார்கள்.

அந்த மாணவர்களுக்கு யாரும் ஊதியம் தரவில்லை. தந்திருக்கவேண்டுமா? சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டக்காரர்கள் 2014-இல் இந்தக் கேள்வியை நேராகவே எழுப்பினர். தாங்கள் தொழிலாளரே, சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்றார்கள். சிகாகோவில் இருந்த தொழிலாளர் வாரியத்தின் மண்டல அதிகாரி, ஆம், இவர்கள் தொழிலாளரே என்று தீர்ப்பளித்தார். வாக்கெடுப்பும் நடந்தது. மேல்முறையீடு இருந்ததால் வாக்குச் சீட்டுகளை எண்ணாமல் முத்திரையிட்டு வைத்தார்கள். 2015-இல் வாஷிங்டனில் உள்ள வாரியம் இந்த வழக்கில் தலையிடப் போவதில்லை என்று ஒதுங்கியது. அந்தச் சீட்டுகள் எண்ணப்படவே இல்லை. எனினும் கேள்வி ஓயவில்லை. 2025 ஜூன் மாதத்தில் ஒரு வழக்கின் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரர்க்கு நேரடியாகவே பொருள் கொடுக்கலாம் என்றாயிற்று. ரெட் கிரேஞ்சு ஐந்து நாளில் தாண்டிய கோட்டை அழிக்கச் சட்டத்துக்கு நூறாண்டு பிடித்தது.

சிகாகோ பல்கலைக்கழகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கால்பந்து அங்கே 1969-இல் முறைப்படி மீண்டும் வந்தது. ஆட்டத் திறமைக்காக உதவித்தொகை கிடையாது; பெருங்கூட்டமும் கிடையாது; படிக்க வந்த பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஹட்சின்ஸ் எழுதியதற்கு மிக அருகில் இருப்பது இதுவே என்பது என் எண்ணம். ஒழிக்காமலே அவர் இதைச் செய்திருக்கலாம் என்பதும் என் எண்ணம். சடுகுடு ஆடிய மூன்று பிள்ளைகளை எண்ணியே இதைச் சொல்லுகிறேன்.

என் மகள் அந்நாட்டில் வேலையாய் இருக்கிறாள். ஓய்வுக்குப்பின் அவளிடம் போயிருந்தபோது சிகாகோவையும் பார்த்தேன். பழைய ஸ்டாக் திடலின் மேடைகளை 1957-இல் இடித்துவிட்டார்கள். அணு எரிந்த இடத்தருகே ஹென்றி மூர் வடித்த வெண்கலச் சிற்பம் ஒன்று நிற்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் மண்டை ஓடு, மறுபக்கம் பார்த்தால் கோவில் தூண்கள். பந்து உருண்ட நிலத்தின்மேல் 1970 முதல் பெரிய நூலகம் ஒன்று இருக்கிறது. கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போனோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் ஒருவனின் வெண்கல உருவம். பெர்வாங்கர் பெற்ற முதல் கோப்பை. என் பேரன் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தான்.

“தாத்தா, இது தங்கமா?” என்றான்.

தங்கம் இல்லை என்றேன். பெர்வாங்கரின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல ஆண்டுகள் இதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாராம் என்றும் சொன்னேன். அவன் நம்பவில்லை, அம்மாவிடம் கேட்கிறேன் என்று ஓடிவிட்டான்.